பெண்கள் பக்கத்துப் பதினோரு நொடி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஷர்மிளா சொல்லிக் கேட்டது இது. அவளும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்துவிடுவாள். அந்த இடைவெளிகளில் எதையாவது நானே போட்டு நிரப்பிக்கொண்டேனோ என்னவோ. கிழமைகள் ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கலாம். ஆனால் எடிட்டிங் மென்பொருள் எத்தனை முறை மூடிக்கொண்டது என்பதில் பிசகில்லை. அதை அவள் எண்ணி வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் நாற்பத்தோரு முறை.

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஜெயப்பிரகாஷின் ஸ்டூடியோ. ஷர்மிளா அங்கே ஆறு வருடமாக இருந்தாள். முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கம் ஜெயப்பிரகாஷ் எடுப்பார், பெண்கள் பக்கம் அவள். பெண்கள் பக்கம் எடுத்ததை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. ஸ்டூடியோ முதலாளியும் ஆண்தான். எடுத்தவளே வெட்டி ஒட்டி, பென்டிரைவில் போட்டு, அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு, கணினியில் மிச்சம் இருப்பதை அழித்துவிட வேண்டும். இதற்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அவள் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஊரில் பாதி வீடுகள் கதவைத் திறந்தன.

புதுக் கேமரா எப்போதும் ஆண்கள் பக்கம் போகும். பெண்கள் பக்கத்துக்குப் பத்து வருடப் பழைய கேம்கார்டர். உள்ளங்கையில் அடங்குகிற, பக்கவாட்டில் சின்னத் திரை விரிகிற ஜாதி. அது எடுத்ததை நேராக வைக்காது. ஒரு போல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நாலு கதவு தாண்டி உள்ளே கொண்டுபோய் வைக்கும்.

திங்கட்கிழமை காலை முபஷ்ஷிரா போன் செய்தாள். மூன்று மாதத்துக்கு முன் கல்யாணமான பெண். மாப்பிள்ளை மேல்விஷாரம், வேலை சவூதியில், தம்மாமில். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம் என்றாள். ஆண்கள் பக்கத்து வீடியோ எப்போதோ வந்துவிட்டது. பெண்கள் பக்கத்தை வழக்கம்போல யாரும் அவசரப்பட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அம்மா, அஃப்ஸர் ஜஹான், மகளின் கல்யாணம் முடிந்து ஐம்பது நாளில் இறந்துபோனார். அதன்பிறகு அந்த வீட்டில் கல்யாண வீடியோவைப் பற்றிப் பேசும் வாய் ஒன்றும் இல்லை.

"அம்மி போட்டோவுக்கே நிக்க மாட்டாங்கக்கா," என்றாள் முபஷ்ஷிரா. "ஆதார் கார்டுல இருக்கறது ஒண்ணுதான். நீங்க எடுத்ததுலதான் அவங்க நடக்கறது, பேசறது எல்லாம் இருக்கும்."

வியாழக்கிழமை தருவதாகச் சொல்லி போனை வைத்தாள் ஷர்மிளா. வைத்த கையோடு கணினியின் முன் உட்கார்ந்து, கோப்புகளை எல்லாம் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டாள். திரை வெளுத்தது. ஒரு சுற்று வட்டம் சுற்றியது. மென்பொருள் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தாள். மறுபடி போட்டாள். மறுபடி மூடிக்கொண்டது.

முதலில் பயம் வரவில்லை. கணினி அப்படித்தான், நல்ல நாளிலேயே முரண்டு பிடிக்கும். அணைத்துப் போட்டாள். மென்பொருளின் தற்காலிகக் குப்பையை எல்லாம் துடைத்தாள். அதையே கழற்றிவிட்டுப் புதிதாக ஏற்றினாள். கோப்புகளை வேறு டிரைவுக்கு மாற்றினாள். ஒட்டுமொத்தமாகப் போட்டால்தானே கோளாறு என்று முதல் கோப்பை மட்டும் போட்டாள், மூடிக்கொண்டது. இரண்டாவதை, மூன்றாவதை, ஐந்தாவது வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்துக்கும் அதே கதி. சாதாரண பிளேயரில் ஓட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. எல்லாமே கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

கேமராவின் கார்டில் அசல் இருக்குமே என்றால், இல்லை. கல்யாணத்துக்கு மறுநாளே சர்ச்சில் பிள்ளைகளைப் பிஷப் ஆசீர்வதிக்கும் திடப்படுத்தல் விழாவுக்கு ஜெயப்பிரகாஷுக்குக் கார்டு தேவைப்பட்டது. நாலு மணிக்குள் காலி செய்து தா என்று தலைமேல் நின்றார். ஷர்மிளா அவசர அவசரமாகக் கார்டில் இருந்ததை எல்லாம் வழித்துக் கணினியில் போட்டுவிட்டுக் கொடுத்தாள். அதன்மேல் இப்போது பிஷப்பும் நாற்பது பிள்ளைகளும் பதிவாகியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மென்பொருள் திறக்கும்வரை பால்கனிக்குப் போவாள். கீழே ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போகும். யார் இறங்குகிறார்கள் என்று பார்க்காமலே திரும்பி வருவாள். டீ வாங்கி வைத்து ஆடை கட்டும்வரை விட்டுவிடுவாள். துப்பட்டா முனையைக் கடிப்பது சின்ன வயசில் விட்ட பழக்கம். அது திரும்பி வந்துவிட்டது. மத்தியானம் பாலாற்றுப் பக்கமிருந்து தோல் பதனிடும் வாடை காற்றோடு ஏறி வந்தபோது எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் மூச்சு முட்டியது. திறந்தாள்.

ஜெயப்பிரகாஷ் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு எதுவும் பெரிய விஷயமாகத் தெரியாது. இருக்கிறதை அப்படியே ஒரு பென்டிரைவில் கொட்டிக் கொடுத்துவிடு, தம்மாமில் மாப்பிள்ளை யாரையாவது வைத்துத் திறந்துகொள்வான், இல்லாவிட்டால் சென்னையில் ஒரு பையன் இருக்கிறான், இங்கிருந்தே அவன் நம் கணினிக்குள் வந்து பார்த்துவிடுவான் என்றார். ஷர்மிளா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. சென்னைப் பையன் உள்ளே வந்தால் திரையில் இருக்கும் பெண்களை எல்லாம் பார்ப்பான். அது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அப்படியே கொட்டிக் கொடுக்காததற்குக் காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிற சடங்கு. பெண் வீட்டுப் பெண்கள் மட்டும், மாடி அறையில். முபஷ்ஷிரா மஞ்சள் துணியில் நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி மாற்றி ஒருத்தி முகத்தில் அப்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குள் போய்விடாமல் இறுக்க மூடியிருந்தாள். அஃப்ஸர் ஜஹான் மகள் பக்கத்தில் குனிந்தபோது, இடுப்பில் ஏறியிருந்த யாரோ வீட்டுக் குழந்தை அவர் தலைத்துணியைப் பிடித்து இழுத்துவிட்டது. துணி கையோடு வந்துவிட்டது. உள்ளே முடி இல்லை. வேலூரில் அவருக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் மூத்த பெண்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரியும். கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று மகளிடமும் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு நொடி அறையே அடங்கிப் போனது. அப்புறம் அவரே சிரித்தார். இனிமேல் எனக்குப் பேன் பார்க்க யாரும் உட்கார வேண்டியதில்லை என்று உருதுவில் ஏதோ சொன்னார். அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. துணி மறுபடி தலைக்குப் போன பிறகுதான் மணப்பெண் கண்ணைத் திறந்தாள்.

கேம்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சடங்கு முடிந்து இறங்கும்போது மாடிப்படியில் அஃப்ஸர் ஜஹான் ஷர்மிளாவின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வீடியோ பிற்பாடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நடுவிலும் ஓடும்.

"அத மட்டும் எடுத்துடும்மா. என்ன அப்பிடி யாரும் பாக்கக் கூடாது."

"எடுத்துடறேம்மா. ப்ராமிஸ்."

அந்தக் கை சூடாக இருந்தது. மூன்று மாதம் கழித்தும் ஷர்மிளாவுக்கு மணிக்கட்டில் அந்தச் சூடு இருந்தது. அப்படியே கொட்டிக் கொடுத்தால் அந்த நொடிகளும் சேர்ந்து போகும். வெட்டியெடுக்க வேண்டுமென்றால் மென்பொருளுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் மகளுக்கு அம்மா இல்லை. கொட்டிக் கொடுத்தால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் பால்கனிக்கும் கணினிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் ஜெயப்பிரகாஷ் பொறுக்கமாட்டாமல் முஜாஹிதை வரவழைத்துவிட்டார். ஊரில் தோல் கம்பெனி ஆபீஸ்களின் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். படியேறி வந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டான். ஷர்மிளா சொன்னாள். போட்டிருந்த நாற்காலியை அவனே எடுத்து, கணினிக்கு முதுகு காட்டி, சுவரில் தொங்கும் படச் சட்டங்களைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தான். முபஷ்ஷிராவின் அப்பாவும் அவனும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள்.

"நான் பாக்க மாட்டேன் சிஸ்டர். நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

வாசலில் நின்ற ஜெயப்பிரகாஷ், திரைக்குப் பின்னால் ராணியை உட்கார வைத்து ஹக்கீம் கயிறு கட்டி நாடி பார்த்த கதையாக இருக்கிறதே என்றார். முஜாஹித் திரும்பாமலே, கயிறு இருந்தால் கொண்டு வாங்க என்றான்.

அவன் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். மென்பொருள் எந்த வருடத்தது, நினைவகம் எவ்வளவு, மூடும்போது ஏதாவது எழுதிக் காட்டுகிறதா. எதிலும் பிடி கிடைக்கவில்லை. அவன் சட்டத்தில் இருந்த ஏதோ ஒரு குழந்தையின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஷர்மிளாவுக்கு எழுந்து பால்கனிக்குப் போக வேண்டும் போலிருந்தது.

"மொத்தம் எத்தன பைலு?"

"அம்பத்தி ரெண்டு."

"அன்னிக்கி எத்தன வாட்டி பட்டன அமுக்கினீங்க?"

அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கண்ணை மூடி அந்த இரண்டு நாளையும் ஓட்டிப் பார்த்தாள். மஞ்சள், மருதாணி, மறுநாள் பெண்கள் மண்டபம், சாப்பாடு, பெண்ணை அழைத்துப் போனது. பேட்டரி தீர்ந்துவிடும் என்று சிக்கனமாகத்தான் அமுக்கினாள்.

"இருவது. இருவத்தஞ்சு தாண்டாது."

"அப்ப மிச்ச இருவத்தேழு எங்கருந்து வந்துச்சு? மொத பைலு என்னா சைஸு பாருங்க."

பெரிய பெரிய கட்டங்களாகத் தெரியும்படிதான் அவள் எப்போதும் வைத்திருப்பாள். அளவு தெரியாது. மாற்றிப் பார்த்தாள்.

"ஒரு கேபி."

"ஒரு கேபில ஒரு கல்யாணமா? பொண்ணோட மூக்குத்தி கூட உள்ள வராதே."

வாசலில் ஜெயப்பிரகாஷ் சிரித்தார். ஷர்மிளா சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செய்தது யார் என்பதும் விளங்கிவிட்டது.

பெண்கள் பக்கத்துக் கோப்புகளை ஸ்டூடியோவில் யாரும் தெரியாத்தனமாகக்கூடத் திறந்துவிடக் கூடாது என்று அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்றெழுத்தில் ஒரு வால் இருக்குமே, இது வீடியோ, இது படம் என்று கணினிக்குச் சொல்வது, அதை அறுத்துவிட்டு அர்த்தமில்லாத வேறொரு வாலை ஒட்டிவிடுவாள். 'சிலபஸ் 1', 'சிலபஸ் 2' என்று வரிசையாக எண்ணும் போடுவாள். அப்புறம் எந்தக் கண்ணுக்கும் அது வீடியோவாகத் தெரியாது. எடிட் செய்யும் நாளில் பழைய வாலைத் திரும்ப ஒட்டிக்கொள்வாள். மற்ற கல்யாணங்களில் நாலு கதவும் தாண்டி உள்ளே போய் வீடியோக்களை மட்டும் எடுத்துவந்துதான் இதைச் செய்வாள். இந்த முறை, பிஷப்புக்காக, கார்டில் இருந்ததை எல்லாம் ஒரே போல்டரில் வழித்துப் போட்டாளே, அதில் கேமரா தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் சின்னச் சின்னக் குறிப்புக் கோப்புகளும் சேர்ந்து வந்துவிட்டன. எந்தத் துண்டு எப்போது ஆரம்பித்தது, எதற்கடுத்து எது என்று. அவற்றின் வாலையும் அறுத்திருந்தாள். திரும்ப ஒட்டும்போது ஐம்பத்திரண்டுக்கும் ஒரே வால், வீடியோ வால். முன்வரிசையில் இருந்தவை எல்லாம் அந்தக் குறிப்புகள். வீடியோ என்று நம்பி அவற்றைத் திறந்த மென்பொருள், உள்ளே படம் இல்லாமல் திணறி விழுந்திருக்கிறது. கெட்டுப்போனது எதுவுமே இல்லை.

அதை அவள் வாய்விட்டே சொன்னாள். முஜாஹித் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தே தலையை ஆட்டினான்.

"ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் ஒரே சீல் குத்திட்டு, மெஷின் கோளாறுன்னு ரெண்டு நாளா அத அடிச்சிட்டிருந்தீங்க."

அளவு வாரியாக அடுக்கச் சொன்னான். சிறியவை இருபத்தொன்பதும் ஒரு பக்கம் ஒதுங்கின. இருபத்துமூன்று மிஞ்சியது. அவற்றை இழுத்துப் போடச் சொல்லிவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமலே படியிறங்கிப் போனான். டீக்குக்கூட நிற்கவில்லை.

ஷர்மிளா சுட்டுவிரலை மவுஸ் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அமுக்காமல் இருந்தாள். பிறகு போட்டாள். வட்டம் சுற்றியது. மென்பொருள் மூடவில்லை. இருபத்துமூன்று கட்டங்களிலும் ஒவ்வொன்றாக முகங்கள் விழுந்தன. நாலாவது கட்டத்தில் மஞ்சள்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பதினோரு நொடி. துணி போன நொடியிலிருந்து அது தலைக்குத் திரும்பும்வரை. இரண்டாம் முறை அவள் பார்க்கவில்லை. தொடக்கத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு வெட்டு. எடுத்து ஓரத்தில் வைத்தாள். இரண்டு பக்கத்தையும் ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் முழுக் கல்யாணமும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தில் வைத்ததை அழித்திருக்க வேண்டும். கை அதனிடம் போய்ப் போய்த் திரும்பியது. நாளைக்கு எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கத்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முபஷ்ஷிரா தனியாக வந்தாள். ஒருமுறை இங்கேயே பார்த்துவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் அழுவார்கள், நிம்மதியாகப் பார்க்க முடியாது என்றாள். ஷர்மிளா கதவைச் சாத்தினாள். ஜெயப்பிரகாஷ் சொல்லாமலே கீழே போய்விட்டார்.

பெண் அசையாமல் பார்த்தாள். அம்மா தட்டு எடுத்து வந்தார், யாரையோ அதட்டினார், மகள் கன்னத்தில் மஞ்சள் வைத்தார். முபஷ்ஷிரா கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். பின்னால் ஓட்டச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

"ஒரு கன்னத்துலதான் இருந்துச்சு. டக்குனு ரெண்டுலயும் இருக்கு. நடுவுல எல்லாரும் சிரிச்சாங்களே அக்கா, அது எங்க? நான் கண்ண மூடிட்டிருந்தேன். அம்மி என்னமோ சொன்னாங்க, அப்டி ஒரு சிரிப்பு. எதுக்குன்னு அப்புறம் கேட்டேன். சொல்லவே இல்ல. அதப் பாக்கத்தான் வந்தேன்."

கீழே தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்தது. நீளமான ரயில். அது முழுக்கக் கடந்து போகும்வரை ஷர்மிளா ஜன்னல் வழியே பெட்டிகளை எண்ணினாள். பொய் சொல்வதென்றால் அதற்குள் சொல்லியிருக்கலாம். பேட்டரி மாற்றினேன் என்றால் போதும்.

"உங்கம்மா அத எடுத்துடச் சொன்னாங்க. நானும் ப்ராமிஸ் பண்ணிட்டேன். காட்டக் கூடாதுன்னாங்க. சொல்லக் கூடாதுன்னு சொல்லல."

சொன்னாள். துணி, குழந்தை, முடி, பேன். பேன் என்றதும் முபஷ்ஷிராவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அதற்கே தெரியாததுபோல. புர்காவின் கைமுனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நிறுத்திவைத்த திரையில் அம்மா பாதி குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. அழிக்கல." ஷர்மிளா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்றதுதான்."

முபஷ்ஷிரா திரையைப் பார்த்தாள்.

"அவங்க வேணாம்னாங்கல்ல. வேணாம்." பிறகு மெதுவாக, "பாக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

ஷர்மிளாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. திரையை அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து தன் பக்கமாக முழுக்கத் திருப்பிக்கொண்டாள். பதினோரு நொடித் துண்டிலிருந்து படத்தை மட்டும் உரித்துப் போட்டாள். சத்தத்தை வெட்டிய இடத்திலேயே திரும்ப வைத்தாள். மேலே படம் வேண்டுமே. அதே சடங்கில் எடுத்த, மடிமேல் விரிந்து கிடந்த மஞ்சள் பூசிய கை ஒன்று இருந்தது. மணப்பெண்ணின் கை. அதைப் போட்டாள். திரையைத் திருப்பினாள்.

கை அசையாமல் கிடந்தது. ஒரு நொடி அமைதி. அப்புறம் அந்தக் குரல் உருதுவில் பேனைப் பற்றிச் சொன்னது. அறை சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே அதே குரல் சிரித்தது.

முபஷ்ஷிரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கும் அவள் அப்படித்தான் கேட்டிருந்தாள்.

பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தபிறகு, அவள் முன்னாலேயே ஷர்மிளா எல்லாவற்றையும் அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். உறுதியாக அழிக்கவா என்று கணினி கேட்டபோது, முபஷ்ஷிரா குனிந்து அவளே அமுக்கினாள்.

முபஷ்ஷிரா வெள்ளிக்கிழமை தம்மாமுக்குப் போனாள். அங்கேதான் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை. அவள் அப்பா ஆம்பூர் வீட்டின் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டார். முஜாஹித் வாணியம்பாடியில் கடை போட்டிருக்கிறான். ஜெயப்பிரகாஷ் ஒரு டிரோன் வாங்கினார், அதைப் பாலாற்றில் விழவிட்டார், இன்னொன்று வாங்கினார். கேம்கார்டரின் திரை உடைந்து அது அலமாரியில் கிடக்கிறது. ஷர்மிளா இன்னும் பெண்கள் பக்கம் எடுக்கிறாள், இப்போது புதுக் கேமராவில். வாலை இன்னும் மாற்றித்தான் வைக்கிறாள். மாற்றுவதற்கு முன் எத்தனை கோப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறாள்.